வணிகக் கணிதம்: கோடுகள் அதே, வெட்டும் புள்ளியும் அதே, விடை மட்டும் ஏன் மாறுகிறது?

தேவகோட்டை மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் பி.காம். முதலாண்டு படிக்கிறேன். மேல்நிலையில் வணிகவியலோடு கணினிப் பயன்பாடு எடுத்தவள். பத்தாம் வகுப்போடு கணக்குக்கு முழுக்குப் போட்டுவிட்டேன் என்று நிம்மதியாக இருந்தேன். இந்தப் பருவத்தில் வணிகக் கணிதம் வந்துவிட்டது. கணங்கள், அணிகள், வட்டி, வரிசை மாற்றம், சேர்மானம், நிகழ்தகவு, நேரியல் திட்டமிடல் எல்லாம் ஒரே தாளில்.

வகுப்புத் தேர்வில் வந்த நேரியல் திட்டமிடல் கணக்கை அப்படியே தருகிறேன். ஒரு பட்டறையில் நாற்காலி செய்ய 1 மணி நேரமும் மேசை செய்ய 2 மணி நேரமும் ஆகும். மொத்தம் 120 மணி நேரம் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பலகை வேண்டும். கையில் 90 பலகைகள். நாற்காலிக்கு லாபம் 60 ரூபாய், மேசைக்கு 100 ரூபாய். அதிக லாபம் கிடைக்க எத்தனை நாற்காலி, எத்தனை மேசை செய்ய வேண்டும்?

நா + 2மே = 120, நா + மே = 90 என்று எழுதினேன். கழித்தால் மே = 30, நா = 60. லாபம் 6,600 ரூபாய். இதற்கு முழு மதிப்பெண் கிடைத்தது.

அடுத்த பகுதியில், மேசையின் லாபம் 140 ரூபாயாக உயர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். நேரமும் மாறவில்லை, பலகையும் மாறவில்லை. ஆகவே அதே 60 நாற்காலி, 30 மேசை, லாபம் 7,800 என்று எழுதினேன். அதை அடித்துவிட்டு, பக்கத்தில் 8,400 என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. எப்படி என்று கேட்பதற்குள் மணி அடித்துவிட்டது. இரண்டு நாளாக அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு கோடுகள் வெட்டுவது ஒரே இடத்தில்தானே? மறுதேர்வு மூன்று வாரத்தில் இருக்கிறது. யாராவது விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


புதுவயல்காரர் எழுதியது:

தங்கச்சி, மனம் தளராதே. என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். நான் இருபத்திரண்டு ஆண்டுகளாக அரிசி ஆலைத் தொழிலில் இருக்கிறேன். நெல் வந்து இறங்கினால் ஒரு கை அள்ளி, உமியைத் தேய்த்து ஊதிவிட்டு, அரிசியைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்து ஈரம் சொல்கிறோம்; விலை பேசுகிறோம். ஒரு நாளும் கோடு போட்டு வெட்டும் புள்ளி தேடியதில்லை. வணிகம் படிக்கும் பிள்ளைக்குப் பேரேடு எழுதத் தெரிய வேண்டும், ஜிஎஸ்டி தெரிய வேண்டும், ஆளைப் படிக்கத் தெரிய வேண்டும். இந்தத் தாள் பிள்ளைகளைப் பயமுறுத்துவதற்கு மட்டுமே இருக்கிறது என்பது என் எண்ணம். தேர்வுக்கு மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மேலே போ.


ஆத்தங்குடிக் கொட்டகை எழுதியது:

புதுவயல் அண்ணன் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தங்கச்சியின் கணக்கை எங்கள் கொட்டகைக்கு மாற்றிக் காட்டுகிறேன். நாங்கள் மூன்று தலைமுறையாகத் தரைக்கல் போடுகிறோம். கணக்கு வழக்கு என் பொறுப்பு.

எங்கள் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, அச்சின் ஒவ்வொரு அறையிலும் சிறு கரண்டியால் வண்ணக் குழம்பை ஊற்ற வேண்டும். சிவப்பு ஒரு கரண்டி, மஞ்சள் ஒரு கரண்டி, பச்சை ஒரு கரண்டி. கை நடுங்காமல் அச்சைத் தூக்கிவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் போட்டு மட்டம் செய்து, காயவிட்டுத் தண்ணீர்த் தொட்டியில் இறக்குகிறோம். சாதாக் கல்லுக்கு அச்சு வேலை இல்லை, ஒரே வண்ணம்.

கணக்கு எளிதாக வரும்படி எண்களை நானே வைத்துக்கொள்கிறேன். சாதாக் கல்லுக்கு 4 நிமிடம், பூக்கல்லுக்கு 8 நிமிடம். ஆள் ஒருவர், நாளுக்கு 480 நிமிடம். தொட்டியில் அன்றன்று 90 கல்லுக்கு இடம் காலியாகிறது. லாபம் சாதாக் கல்லில் 6 ரூபாய், பூக்கல்லில் 10 ரூபாய்.

இப்போது சமன்பாட்டை மறந்துவிட்டு, காலையில் கொட்டகையைத் திறக்கும் ஆளாக யோசித்துப் பார். ஒரு நிமிட வேலைக்கு எந்தக் கல் அதிகம் தருகிறது? சாதாக் கல் 4 நிமிடத்தில் 6 ரூபாய், அதாவது நிமிடத்துக்கு ஒன்றரை. பூக்கல் 8 நிமிடத்தில் 10, அதாவது ஒன்றேகால். ஆகவே சாதாக் கல்லையே போட ஆரம்பிக்கிறாய். 90 கல்லோடு தொட்டி நிரம்பிவிட்டது. செலவானது 360 நிமிடம். இன்னும் 120 நிமிடம் மிச்சம் இருக்கிறது. தொட்டியில் இடம் இல்லை, ஆளுக்கு வேலை இல்லை.

என்ன செய்வாய்? ஒரு சாதாக் கல்லுக்குப் பதிலாக ஒரு பூக்கல் போடுவாய். தொட்டியில் அதே இடம்தான். நேரம் 4 நிமிடம் கூடும், லாபம் 4 ரூபாய் கூடும். 120 நிமிடத்தில் 30 முறை இப்படி மாற்றலாம். முடிவில் 60 சாதா, 30 பூ. லாபம் 660 ரூபாய். உன் முதல் விடை இதுதான்.

பூக்கல்லின் லாபம் 14 ரூபாயாக உயர்ந்துவிட்டது என்று வை. இப்போது நிமிடத்துக்கு ஒன்றேமுக்கால் ரூபாய் பூக்கல் தருகிறது. ஆகவே பூக்கல்லில் ஆரம்பிக்கிறாய். 60 கல்லோடு 480 நிமிடமும் தீர்ந்துவிட்டது. தொட்டியில் 30 இடம் காலியாகக் கிடக்கிறது. அதைப் பார்த்து மனம் பதறும். ஆனால் அந்த இடத்தை நிரப்ப ஒரு பூக்கல்லை விட்டுவிட்டு இரண்டு சாதாக் கல் போட்டால் 14 ரூபாய் போய் 12 ரூபாய் வருகிறது. நட்டம். ஆகவே தொட்டி காலியாக இருந்துவிட்டுப் போகட்டும். 60 பூக்கல், லாபம் 840 ரூபாய். உன் தாளில் சிவப்பு மையில் இருந்த 8,400 இதேதான்.

நீ தவறியது கழித்தலில் இல்லை. கையில் இருப்பதை எல்லாம் தீர்த்தே ஆக வேண்டும் என்று நீயாக முடிவு செய்துவிட்டாய். 120 மணி நேரம் ‘இருக்கிறது’ என்றுதான் கணக்கு சொல்கிறது. ‘முழுவதையும் செலவிடு’ என்று சொல்லவில்லை. நீ சமக்குறி போட்ட இடத்தில் ‘அதற்கு மிகாமல்’ என்ற குறி இருக்க வேண்டும்.


தேவகோட்டை மாணவி எழுதியது:

அக்கா, இதைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். புத்தகத்தில் ≤ என்ற குறி இருந்தது. தேர்வுக்கு எளிதாக இருக்கட்டும் என்று நான்தான் எப்போதும் = என்று மாற்றிக்கொண்டிருந்தேன்.

ஒரு சந்தேகம். லாபம் 10 என்றால் கலந்து போடுகிறோம், 14 என்றால் பூக்கல் மட்டும். எந்த இடத்தில் இது திரும்புகிறது?


செக்காலை ஓய்வு ஆசிரியர் எழுதியது:

நல்ல கேள்வி, அம்மா. ஆத்தங்குடி அம்மையார் சொன்னதிலேயே விடை இருக்கிறது. ஒரு பூக்கல்லின் நேரத்தில் இரண்டு சாதாக் கல் போடலாம். அவை 12 ரூபாய் தரும். ஆகவே பூக்கல்லின் லாபம் 12 ரூபாய்க்கு மேல் போனால் பூக்கல் மட்டும். 6 ரூபாய்க்குக் கீழே இறங்கினால் சாதாக் கல் மட்டும். இடையில் இருந்தால் கலந்து. மிகச் சரியாக 12 ரூபாய் என்றால் 60 சாதா, 30 பூ போட்டாலும் 720 ரூபாய். 60 பூ மட்டும் போட்டாலும் 720 ரூபாய். அப்போது வரைபடத்தில் லாபக் கோடு நேரக் கோட்டின் மேல் அப்படியே படுத்துக்கொள்ளும். அந்த ஓரத்தில் எந்தப் புள்ளியை எடுத்தாலும் சமமே. ‘பல தீர்வுகள்’ என்று பாடநூல் ஒரு வரியில் சொல்லிக் கடந்துபோவது இதைத்தான்.

இன்னொன்றையும் கவனி. லாபம் 10 ரூபாயாக இருக்கும்போது ஆள் ஒரு மணி நேரம் கூடுதலாக வேலை செய்யத் தயார் என்றால் அதிகபட்சம் எவ்வளவு கூலி கொடுக்கலாம்? 60 நிமிடத்தில் 15 முறை மாற்றலாம்; முறைக்கு 4 ரூபாய்; ஆக 60 ரூபாய். அதற்கு மேல் கொடுத்தால் கைநட்டம். இதற்கு நிழல் விலை என்று பெயர். நாலு மணி நேரம் வரை இந்த விலை நிற்கும். அதற்குள் 90 கல்லும் பூக்கல்லாகிவிடும். அதன்பின் கூடுதல் நேரத்துக்கு மதிப்பே இல்லை. லாபம் 14 ரூபாயாக இருந்தால் தொட்டியின் நிழல் விலை பூஜ்ஜியம், ஏனென்றால் 30 இடம் சும்மா கிடக்கிறது. யாராவது வந்து தொட்டியைப் பெரிதாக்கிக் கட்டச் சொன்னால் வேண்டாம் என்று சொல்ல இந்த ஒரு எண் போதும்.

ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை மாற்றி, லாபம் கூடும் வரை நகர்ந்து, கூடாத இடத்தில் நிற்பது என்ற இந்த வழியைத்தான் ஜார்ஜ் டான்சிக் 1947ல் சிம்ப்ளெக்ஸ் முறையாக வகுத்தார். அமெரிக்க விமானப்படையின் திட்டமிடலுக்காகச் செய்த வேலை அது. அதே 1947ல்தான் அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. சென்னையில் இராமானுஜன் பெயரில் கணித ஆய்வு நிறுவனம் தொடங்கப் பணம் கொடுத்ததும் அவரே. தி. விஜயராகவன் அதன் முதல் இயக்குநர். 1957ல் செட்டியார் மறைந்தபின் சென்னைப் பல்கலைக்கழகம் அதை ஏற்று நடத்தியது. கணக்கு நம் ஊருக்கு அந்நியமானது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

வணிகமும் சமூக அறிவியலும் படிக்கும் மாணவர்களுக்குக் கணம், அணி, நிகழ்தகவு, நேரியல் திட்டமிடல் இவற்றைச் சேர்த்து ஒரு தொடக்கப் பாடமாகக் கொடுக்கலாம் என்பதை அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் ஜான் கெமனியும் அவருடைய தோழர்களும் 1950களில் செய்து காட்டினார்கள். அதுவரை கல்லூரிக் கணக்கு என்றால் நுண்கணிதம்தான் வாசல். இயற்பியல் படிப்பவனுக்கு அது சரி. கடை வைப்பவனுக்கும் மக்கள்தொகை ஆராய்பவனுக்கும் எண்ணிச் சொல்லக்கூடியவையே அதிகம் வேண்டும். உன் கையில் இருக்கும் தாள் அந்த யோசனையின் வழிவந்தது.


வகுப்பறைக் குரல் எழுதியது:

நான் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் இந்தத் தாளை எடுக்கிறேன். மேலே எழுதியவர்களை மதிக்கிறேன். ஆனால் தேர்வுத் தாளில் ‘காலையில் கொட்டகையைத் திறக்கிறேன்’ என்று எழுதினால் மதிப்பெண் வராது. அதையும் யாராவது சொல்ல வேண்டும்.

எழுத வேண்டியது இது. மாறிகள் எவை என்று ஒரு வரி. குறிக்கோள் சார்பு, அதாவது கூட்ட வேண்டிய லாபத்தின் கோவை, ஒரு வரி. நா + 2மே ≤ 120, நா + மே ≤ 90, அதோடு நா ≥ 0, மே ≥ 0. கடைசி இரண்டையும் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள். பிறகு வரைபடம். அதில் எல்லாக் கட்டுப்பாடுகளுக்கும் உட்பட்ட இடமே ஏற்புடைய பகுதி. அதன் மூலைகள் நான்கு: (0, 0), (90, 0), (60, 30), (0, 60). ஒவ்வொன்றிலும் லாபம்: முதல் கேள்விக்கு 0, 5,400, 6,600, 6,000. இரண்டாவதற்கு 0, 5,400, 7,800, 8,400. பெரியதை எடு.

கோடுகள் அச்சை வெட்டும் எல்லாப் புள்ளிகளையும் மூலை என்று எழுதுவது ஆண்டுதோறும் நான் பார்க்கும் தவறு. (0, 90) என்று எழுதி லாபம் 9,000 என்பார்கள். 90 மேசைக்கு 180 மணி நேரம் வேண்டுமே! (120, 0) என்பார்கள். 120 நாற்காலிக்குப் பலகை எங்கே? புள்ளியை எடுத்ததும் இரண்டு கட்டுப்பாட்டிலும் போட்டுப் பார்க்க வேண்டும்.

எங்கள் சிரமத்தையும் சொல்கிறேன். ஒரே வகுப்பில் பன்னிரண்டாம் வகுப்பு வரை வணிகக் கணிதம் படித்தவரும் பத்தாம் வகுப்போடு விட்டவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். முன்னவருக்கு நான் சொல்வது பழைய கதை. பின்னவருக்குப் பின்னத்தைக் கழிப்பதே பாரம். ஒவ்வொரு கருத்துக்கும் கொட்டகையும் தொட்டியும் கட்டிக்கொண்டிருந்தால் பருவம் முடியும்போது பாடம் பாதியில் நிற்கும். நாற்காலி, மேசை என்று வைப்பது எங்களுக்கு ஊர் தெரியாததால் இல்லை. நேரமின்மையால்.


செக்காலை ஓய்வு ஆசிரியர் எழுதியது:

உங்கள் சிரமம் உண்மையானது. முப்பத்திரண்டு ஆண்டுகள் நானும் அதைச் சுமந்தவன். ஆனாலும் மாறுபடுகிறேன். ஒரு பருவத்தில் ஒரே ஒரு கணக்கையாவது தெரிந்த இடத்தில் வைத்துக் கடைசி வரை கொண்டுபோக வேண்டும். மீதியை வேகமாக நடத்தலாம். இந்தப் பெண் இரண்டு நாளாகத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லைக் கணக்காக மாற்றும் முதல் படியில் அவள் நழுவியிருக்கிறாள். அந்தப் படிக்கு நாம் வகுப்பில் நேரம் கொடுப்பதே இல்லை; சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதிவிட்டு அங்கிருந்து தொடங்குகிறோம்.


புதுவயல்காரர் எழுதியது:

படித்தேன். கூடுதல் நேரக் கூலி 60 ரூபாய் என்று வந்ததே, அது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் தாள் வேண்டும் என்பதை இன்னும் ஏற்கவில்லை. ஓர் உதாரணம் சொல்கிறேன். என் தம்பி மகன் 12,000 ரூபாய்க்குத் தவணையில் கைப்பேசி வாங்கினான். நூற்றுக்கு ஒரு வட்டி, 12 மாதம், மாதம் 1,120 ரூபாய். ‘ஆண்டுக்கு 12 சதவீதம்தானே பெரியப்பா, மலிவு’ என்றான். எந்தச் சூத்திரமும் இல்லாமல் நான் சொன்னேன்: மாதாமாதம் அசலும் கொடுத்துக்கொண்டே வருகிறாய், அப்படியென்றால் சராசரியாக உன் கையில் இருப்பது பாதிக் கடன். பாதிக் கடனுக்கு முழு வட்டி கொடுக்கிறாய். வட்டி இரட்டிப்பு. இதை யாரும் எனக்குக் கல்லூரியில் சொல்லித் தரவில்லை.


கானாடுகாத்தான் பேரன் எழுதியது:

புதுவயல் அண்ணன் சொன்னது அழகான குறுக்குவழி. அது எவ்வளவு சரி என்று பார்க்கத்தான் தாள் வேண்டும்.

முதல் மாதம் கையில் இருப்பது 12,000. அசல் மாதம் ஆயிரமாகக் குறைந்துகொண்டே வந்து, கடைசி மாதத்தில் 1,000. சராசரி 6,500 ரூபாய். அதற்குக் கொடுத்த வட்டி 1,440. ஆக ஏறக்குறைய 22 சதவீதம். இன்னும் நுட்பமாக, ஒவ்வொரு 1,120 ரூபாயின் இன்றைய மதிப்பையும் கூட்டி, அது 12,000 ஆகும்படி வட்டி வீதத்தைத் தேடினால் மாதத்துக்குச் சுமார் 1.79, ஆண்டுக்கு ஏறக்குறைய 21 அரை. இரட்டிப்பு என்ற 24க்கும் இதற்கும் இடையில் இரண்டரை இருக்கிறது. 12,000 ரூபாயில் அது பெரிதில்லை. வீட்டுக் கடனில் பெரிது.

எங்கள் ஐயா, அதாவது தாத்தா, ரங்கூனில் ஒரு செட்டியார் வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாகக் கடைநிலையில் சேர்ந்து, அடுத்தாளாகி, மேலாளாகித் திரும்பியவர். அவர் பேச்சில் ‘நடப்பு வட்டி’, ‘தவணை வட்டி’ என்று இரண்டு சொல் ஓயாமல் வரும். ரங்கூன் முகல் தெருவில் செட்டியார்கள் மாதந்தோறும் கோயிலில் கூடி நடப்பு வட்டியை நிர்ணயிப்பார்கள். தவணை வைப்பில், தவணை முடிந்ததும் வட்டி முதலோடு சேரும். அடுத்த தவணைக்கு வட்டிக்கும் வட்டி. அதைத்தான் புத்தகம் கூட்டு வட்டி என்கிறது. நூற்றுக்கு இரண்டு என்று மாத வட்டியில் விட்டால் தனி வட்டிக்கு ஆண்டுக்கு 24. மாதாமாதம் முதலோடு சேர்த்தால் 1.02 ஐப் பன்னிரண்டு முறை பெருக்க வேண்டும், 26.82 சதவீதம் வருகிறது. எங்கள் வளவு வீட்டில் மரப்பெட்டிக்குள் அவருடைய ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு) இன்னும் இருக்கிறது. ஒரு பக்கம் முழுக்கத் தமிழ் எண்களும் மா, காணி, முந்திரி என்ற பின்னங்களும். முந்திரி என்றால் 320ல் ஒரு பங்கு. அத்தனை நுணுக்கமாகப் பிரித்து எழுதியவர்களின் பேரன் பேத்திகள் அரைக்கும் காலுக்கும் பயப்படுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.


தேவகோட்டை மாணவி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வட்டி அலகை முதலில் முடித்துவிடுகிறேன். இன்னும் ஓர் இடத்தில் தடுமாறுகிறேன். வரிசை மாற்றம், சேர்மானம். சூத்திரம் இரண்டும் மனப்பாடம். கேள்வியைப் பார்த்தால் எதைப் போடுவது என்று தெரிவதில்லை.


கானாடுகாத்தான் பேரன் எழுதியது:

நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், கோயில்வழியாகப் பிரிந்தவர்கள். அந்தக் கோயில்கள் ஒன்பது. இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்கோயில், நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. ஒரே கோயிலைச் சேர்ந்தவர்கள் பங்காளிகள்; பெண் கொடுத்து எடுப்பதில்லை. அப்படியென்றால் எத்தனை விதமாகச் சம்பந்தம் அமையலாம்?

மாப்பிள்ளை எந்தக் கோயில், பெண் எந்தக் கோயில் என்று பிரித்துக் கேட்டால், மாப்பிள்ளைக்கு 9, பெண்ணுக்கு மீதி 8. ஆக 72. மாப்பிள்ளை நேமம், பெண் மாத்தூர் என்பதும், மாப்பிள்ளை மாத்தூர், பெண் நேமம் என்பதும் வேறு வேறு. இது வரிசை மாற்றம். எந்தெந்த இரு கோயில்களுக்கு இடையே சம்பந்தம் என்று மட்டும் கேட்டால் அந்த இரண்டும் ஒன்றே. ஒவ்வொரு ஜோடியையும் இரண்டு முறை எண்ணிவிட்டோம். ஆகவே இரண்டால் வகுக்க வேண்டும். 36. இது சேர்மானம். இருவரையும் இடம் மாற்றி உட்கார வைத்தால் விடயம் மாறுகிறதா என்று கேட்டுப் பார். மாறினால் வகுக்காதே; மாறாவிட்டால் வகு.


பள்ளத்தூர் ஆச்சி எழுதியது:

தம்பி, கணக்கு சரியாக இருக்கலாம், வழக்கம் சரியில்லை. இரணியூரும் பிள்ளையார்பட்டியும் சகோதரக் கோயில்கள். அவர்களுக்குள் பெண் எடுப்பதில்லை. இது தெரியாமல் யாராவது ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடப் போகிறார்கள்.


கானாடுகாத்தான் பேரன் எழுதியது:

ஆச்சி சொல்வது மிகச் சரி, நான் விட்டுவிட்டேன். அப்படியென்றால் 36ல் ஒன்று போய் 35. மாப்பிள்ளை, பெண் என்று பிரித்தால் 72ல் இரண்டு போய் 70. ஒரு ஜோடியை நீக்கும்போது ஒரு கணக்கில் ஒன்றும் மற்றதில் இரண்டும் குறைகிறது, பார். இளையாற்றங்குடிக்கும் மாத்தூருக்கும் உட்பிரிவுகள் இருக்கின்றன; அவற்றை இங்கே எடுக்கவில்லை. மொத்தத்தை எண்ணிவிட்டு ஆகாததைக் கழிப்பதும் இந்தப் பாடத்தின் ஒரு வழியே. நேராக எண்ணுவதைவிடப் பல இடங்களில் அது சுலபம்.


காரைக்குடி நெசவு வீடு எழுதியது:

நிகழ்தகவுக்கு நானும் ஒன்று தருகிறேன். கண்டாங்கிச் சேலைக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன்பின் விசைத்தறியில் நெய்ததைக் கைத்தறிக் கண்டாங்கி என்று விற்பவர்கள் மேல் எங்களுக்கு ஆத்திரம் அதிகம். ஒரு கற்பனைக் கணக்கு. கடைக்கு வந்த 1,000 சேலையில் 50 போலி. கரையையும் முந்தானையையும் தடவிப் பார்ப்பவர் நல்ல அனுபவசாலி. போலியில் நூற்றுக்கு 90ஐப் பிடித்துவிடுவார். நல்ல சேலையில் நூற்றுக்குப் பத்தைத் தவறுதலாகப் போலி என்பார். அவர் ‘போலி’ என்று ஒதுக்கிய சேலை உண்மையில் போலியாக இருக்க வாய்ப்பு எவ்வளவு?

எங்கள் வீட்டில் எல்லோரும் 90 சதவீதம் என்றார்கள். எண்ணிப் பாருங்கள். 50 போலியில் 45 ஒதுக்கப்படும். 950 நல்லதில் 95 ஒதுக்கப்படும். ஒதுக்கியவை மொத்தம் 140. அதில் போலி 45. மூன்றில் ஒன்றுகூட இல்லை. நல்ல நெசவாளியின் சேலை இரண்டு மடங்குக்கு மேல் அந்தக் குவியலில் கிடக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, ஒதுக்கியதை இன்னொருவர் மறுபடி பார்க்காமல் திருப்பி அனுப்பக் கூடாது என்று எங்கள் வீட்டில் வழக்கமாக்கிவிட்டோம். பேயஸ் தேற்றத்தின் சூத்திரத்தில் தடுமாறுகிறவர்கள் 1,000 சேலையை நினைத்துக்கொண்டு பிரித்து எண்ணினால் போதும்.


ஆத்தங்குடிக் கொட்டகை எழுதியது:

தங்கச்சி, மறுதேர்வுக்கு முன் ஒரு கணக்கு. பூக்கல்லின் லாபம் 14 என்றே இருக்கட்டும். நேரம், தொட்டி முன்பு போலவே. பச்சைப் பொடி தட்டுப்பாடு. ஒரு பூக்கல்லுக்கு 50 கிராம் வேண்டும்; கையில் 2 கிலோதான் இருக்கிறது. இப்போது என்ன போடுவாய்?


தேவகோட்டை மாணவி எழுதியது:

அக்கா, செய்துவிட்டேன். 2 கிலோவில் 40 பூக்கல்லுக்கு மேல் முடியாது. பூ ≤ 40 என்று மூன்றாவது கோடு. பூக்கல்தான் நிமிடத்துக்கு அதிகம் தருகிறது. ஆகவே முதலில் 40 பூ. அதற்கு 320 நிமிடம். மீதி 160 நிமிடத்தில் 40 சாதா. தொட்டியில் 80 போக 10 இடம் காலி; அதை நிரப்பப் போகவில்லை. லாபம் 560 + 240 = 800 ரூபாய்.

வகுப்பறைக் குரல் ஐயா சொன்னபடி மூலைகளையும் எழுதிப் பார்த்தேன். சாதாவை முதலிலும் பூவை அடுத்தும் வைத்தால் (0, 0) இல் 0, (90, 0) இல் 540, (60, 30) இல் 780, (40, 40) இல் 800, (0, 40) இல் 560. சமக்குறியை எங்கும் போடவில்லை.

ஒன்று மட்டும் இடிக்கிறது. பொடி 2 கிலோவுக்குப் பதில் 1,980 கிராம் இருந்தால் 39.6 பூ, 40.8 சாதா என்று வருகிறது. கல்லைப் பின்னமாகப் போட முடியாதே. இரண்டையும் கீழே குறைத்து 39 பூ, 40 சாதா என்று எழுதலாமா?


செக்காலை ஓய்வு ஆசிரியர் எழுதியது:

எழுதினால் 786 ரூபாய். ஆனால் 39 பூக்கல்லுக்கு 312 நிமிடம்தான் ஆகிறது. மீதி 168 நிமிடத்தில் 42 சாதாக் கல் போடலாம், தொட்டியிலும் இடம் இருக்கிறது. 798 ரூபாய். இரண்டையும் கீழே குறைத்ததில் 12 ரூபாய் விட்டுவிட்டாய். முழு எண்ணாகவே விடை வேண்டும் என்றால் பின்னத்தைத் தள்ளிவிடுவது போதாது. மறுபடி தேட வேண்டும். அதற்குத் தனி முறைகள் இருக்கின்றன, உன் பாடத்திட்டத்தில் இல்லை. தேர்வில் வராது. வேண்டுமென்றால் ஞாயிறு காலை நான் இங்கே எழுதுகிறேன்.


தேவகோட்டை மாணவி எழுதியது:

எழுதுங்கள் ஐயா. தேர்வில் வராவிட்டாலும் பரவாயில்லை.